பள்ளக்காட்டில் வெள்ளம் இல்லை

வரைபடம் போட்டுத் தரச் சொல்லி என்னைக் கடல் தாண்டி வரவழைத்தவர்கள், வரைபடத்தைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை என்றார்கள். மலேசியாவின் ஈப்போவில் வந்து இறங்கிய மறுநாள் காலையிலேயே இது நடந்தது. மேசைமேல் சுருட்டி வைத்திருந்த தாளை நான் விரிக்கப் போனேன். அந்த அலுவலகத்தின் தலைவர் தாளின்மேல் மெதுவாகத் தன் கையை வைத்தார். மூலையில் சிவப்பு முத்திரை இருந்தது. அயல்நாட்டார் யாரும் அதைப் பார்க்கக் கூடாதாம்.

"பிறகு நான் எதை வைத்துப் படம் போடுவது?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நாங்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம்" என்றார் சிரித்த முகமாக. மலாய்க்காரர். அங்கே ஐயா என்பதற்கு என்சிக் என்கிறார்கள். நானும் கடைசிவரை அவரை அப்படியே அழைத்தேன். நான் எத்தனை கத்தினாலும் அவர் முகம் மாறவில்லை. பதிலுக்குக் கத்தாத மனிதரிடம் சண்டை போடுவதைப் போல வயிற்றெரிச்சல் வேறு கிடையாது. மெட்ராஸில் என்றால் இந்நேரம் இரண்டு பக்கமும் நாலு வார்த்தை பேசி, டீ குடித்து, வேலையை முடித்திருப்போம்.

எண்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. நான் மெட்ராஸில் புவியியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஜி.ஐ.எஸ். என்ற பேச்சு எங்கள் பக்கம் வந்திருந்தது. பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ஆறு ஓர் அடுக்கு, மேடு பள்ளம் ஓர் அடுக்கு, எந்த மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று ஊரார் சொல்வது ஓர் அடுக்கு. மூன்றையும் கணினிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பழைய வெள்ளங்கள் எங்கெல்லாம் நின்றன என்று தெரியும், இனி எங்கே நிற்கும் என்றும் ஓரளவு சொல்லலாம். ஈப்போ இருக்கும் பேராக் மாநிலத்தில் ஊரார் என்றால் பாதிப்பேர் தோட்டத் தமிழர்கள். தமிழ் தெரிந்து, கணினியும் தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி என்னைப் பிடித்திருந்தார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பத்து காஜா என்ற ஊர்ப்பக்கம் கிந்தா ஆற்றையொட்டி ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியிருந்தது. லயங்களில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த குடும்பங்கள் காலி செய்ய வேண்டும். அவர்களுக்குத் தோட்டத்தின் ஒரு மூலையிலேயே சிறிய வீடுகள் கட்டிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை. அந்த மூலையில் வெள்ளம் ஏறுமா, ஏறாதா என்று என் படம் சொல்ல வேண்டும். அதன்பிறகு ஒரு கூட்டம் போட்டு முடிவெடுப்பார்கள்.

கடைசியில் என்சிக்கே ஒரு வழி கண்டுபிடித்தார். சுற்றறிக்கையில் தாளைப் பார்க்கக் கூடாது என்றுதான் இருக்கிறது, திரையைப் பற்றி ஒன்றும் இல்லை. ஆகவே அலுவலகத்து நில அளவை உதவியாளர் சந்திரன் மேசையில் தாளை விரித்து, கோடுகளின்மேல் கருவியை நகர்த்துவார். நான் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, திரையில் அதே கோடுகள் வருவதைப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டு நாள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். கணினிக்காக அந்த அறையைக் குளிர்பதனப் பெட்டியாக்கி வைத்திருந்தார்கள். சேலைக்குமேல் சந்திரனின் மழைக்கோட்டைப் போர்த்திக்கொண்டு, "ஆறு வளையுதா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்பேன். "வளையுது லா" என்று பின்னாலிருந்து பதில் வரும். அங்கே பேச்சின் வாலில் ஒரு லா ஒட்டிக்கொள்ளும்.

சந்திரன் ஈப்போவை ஒட்டிய சிலிபின்காரர். முப்பது வயது இருக்கும். எதைச் சொன்னாலும் "போலே அக்கா" என்பார். முடியும் என்று அர்த்தம். முடியாததற்கும் அதையேதான் சொல்வார் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

மூன்றாம் நாள் கோலா கங்சாருக்குப் போனோம். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைத் தூணில் பழைய வெள்ளம் நின்ற உயரத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறார்களாம். கோடு கிடைத்தால் அதைவிட வேறென்ன வேண்டும்? வழியில் சந்திரனின் வேன் இரண்டு முறை கொதித்து நின்றது. போய்ச் சேர்ந்தால் தூண் பளபளவென்று பச்சையாக இருக்கிறது.

"கோடா? இருந்துச்சே" என்றார் கடைக்காரர். ராமநாதபுரம் பக்கத்து முஸ்லிம். "போன பெருநாளைக்குத்தான் பெயிண்ட் அடிச்சோம்."

"எந்த உயரத்துல இருந்ததுன்னாவது சொல்லுங்க பாய்."

அவர் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். கல்லாவிலிருந்த அவர் தம்பி, "என்னண்ணே, தல உசரம்ல" என்றார். நெஞ்சா தலையா என்று இருவரும் பேச ஆரம்பித்தார்கள். எனக்குப் பசி. சைவமாக என்ன இருக்கிறது என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, கோழிய எடுத்துட்டுக் கொழம்ப மட்டும் ஊத்துறேன்" என்றார் தம்பி, முழு மனதோடு. ரொட்டி சானாய் என்ற அவர்கள் ஊர்ப் பரோட்டாவை வெறும் சர்க்கரையில் தொட்டுத் தின்றுவிட்டு எழுந்தேன். தூணின் இரண்டு உயரத்தையும் பதிந்துகொண்டோம். வேறு என்ன செய்வது?

மறுநாள் பத்து காஜா தோட்டம். செம்மண் பாதையில் திரும்பியதுமே வேன் ஒரு பக்கம் சாய்ந்து நின்றுவிட்டது. முன் சக்கரம். சந்திரன் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு, மாற்றுச் சக்கரத்தைத் தங்கை வீட்டில் இறக்கி வைத்த ஞாபகம் வருகிறது என்றார். ஏன் இறக்கினீர்கள் என்று கேட்டேன். தக்காளிக் கூடை ஏற்ற இடம் வேண்டியிருந்ததாம்.

அப்போதுதான் பாக்கியம் என்ற தோட்டத்துப் பெண்ணை முதலில் பார்த்தேன். பால் வெட்டிவிட்டு வாளியோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வயதுதான் இருக்கும். முகத்தில் காய்ந்த பால் தெறித்திருந்தது. எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாஞ்சிர் விசயமா வந்தவங்க நீங்கதானா?"

"ஆமாங்க, பஞ்சர்தான்" என்றேன். "பக்கத்துல பம்பு கிடைக்குமா?"

"பம்பா? பாஞ்சிருக்குப் பம்பு வச்சு எறைக்க முடியுமா டீச்சர்? ஆறே ஏறி வரும்."

"ஒரு சக்கரத்துக்கு எதுக்குங்க ஆறு?"

சந்திரன் வேனைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். பாஞ்சிர் என்றால் மலாயில் வெள்ளமாம். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம். மூன்று நாளாக என்னோடு சுற்றுகிறவர் இதை ஒருமுறையாவது சொல்லியிருக்கக் கூடாதா? எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "இந்தாங்க சந்திரன், தமிழ்ல வெள்ளம்னு லட்சணமா ஒரு சொல் இருக்கு. இனிமே யாரிடம் கேட்டாலும் வெள்ளம்னே கேளுங்க" என்றேன்.

"போலே அக்கா. வெள்ளம் லா" என்றார்.

பாக்கியம் எங்களை லயத்துக்கு அழைத்துப் போனார். அவித்த மரவள்ளிக்கிழங்கும் தேங்காய்த் துருவலும் கொடுத்தார். நாலு நாளில் நான் நிம்மதியாகச் சாப்பிட்டது அதைத்தான். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். எந்த மழையில் எந்த லயத்துப் படிவரை தண்ணீர் வந்தது, எந்தக் காட்டில் மரத்தில் கட்டிய பால் கப்புக்குமேல் ஏறியது என்று போட்டி போட்டுச் சொன்னார்கள். சந்திரன் குறித்துக்கொண்டே வந்தார். வீடு கட்டப் போகும் மூலையைப் பற்றிக் கேட்டதும் பேச்சு நின்றது. அந்த மூலைக்குப் பள்ளக்காடு என்று பெயர்.

"அதக் கிராணியக் கேளுங்க" என்றார் பாக்கியம்.

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

"தோட்டத்து விசயம் எல்லாம் கிராணிதான் சொல்லணும் டீச்சர்."

அடுத்த வீட்டில் கேட்டேன். கிராணியைக் கேளுங்கள். எதிர் லயத்தில் கேட்டேன். கிராணி. தோட்டத்தை விற்றாயிற்று, துரை ஊருக்குப் போயாயிற்று, கிராணி என்ற அந்தக் கணக்குப்பிள்ளையும் ஓய்வு பெற்று பத்து காஜா டவுனில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் அவரைக் கேட்காமல் இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்களா என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

கிராணியைப் பார்க்க நான் போகவில்லை. வழியில் வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று சந்திரன் வாங்கிக் கொடுத்த செண்டோல், அந்த ஐஸ் போட்ட தேங்காய்ப்பால், மறுநாள் என்னைப் படுக்கையில் கிடத்திவிட்டது. சந்திரன் தனியாகப் போய்விட்டு மாலையில் வந்தார். பெருமையாக இருந்தார்.

"நாயர் கிராணியப் பாத்தேன்கா. நீங்க சொன்ன மாதிரியே கேட்டேன். பள்ளக்காட்டுல வெள்ளம் வருமான்னு. ஒரு துளி வெள்ளம் இல்லன்னுட்டாரு."

எனக்கிருந்த வயிற்று வலியில், நல்லது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துப் படம் தயாரானது. வரைபொறியின் நீல மை உறைந்துபோய், பேனாவை வெந்நீரில் முக்கி முக்கி ஒரு காலை முழுவதும் போயிற்று. கடைசியில் ஆற்றின் இரு கரையிலும் நீலம் பரவி வந்தது. லயத்துப் படிகள் நீலம். ஈயம் தோண்டிய பழைய லம்பத்துக் குட்டைகளைச் சுற்றி நீலம். நடுவில் மட்டும் ஒரு வெள்ளைத் துண்டு, பள்ளக்காடு.

என்சிக் உள்ளே வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "நல்ல செய்தி. அந்த இடம் காய்ந்த நிலம் என்று கணினி சொல்கிறது. வெள்ளிக்கிழமை கூட்டத்தில் வைத்துவிடலாம்."

"கணினி ஒன்றும் சொல்லவில்லை, என்சிக். சந்திரன் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறது" என்றேன். மேடு பள்ள அடுக்கைத் தனியாகத் திரையில் கொண்டுவந்து காட்டினேன். சுற்றியிருப்பதிலேயே தாழ்ந்த இடம் அதுதான். சுற்றிலும் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது நடுப் பள்ளம் மட்டும் எப்படிக் காயும்? அதன் பெயரையாவது கவனித்தீர்களா என்று கேட்டேன். பள்ளம் என்றால் என்னவென்று அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஆனால் அங்கே வேலை செய்தவர் இல்லை என்கிறாரே" என்றார். அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

சந்திரனை இழுத்துக்கொண்டு நேரே நாயர் வீட்டுக்குப் போனேன். வெள்ளை வேட்டி, வெள்ளைப் பனியன், நெற்றியில் சந்தனம். கட்டன் சாயா வந்தது. நாற்பது வருடம் தமிழர்களோடு இருந்தும் அவர் தமிழ் பாலக்காட்டை விட்டு நகரவில்லை.

"பள்ளக்காட்டுல வெள்ளம் இல்லன்னு சொன்னீங்களாமே?" என்றேன்.

"இல்லா. ஒரு துள்ளி இல்லா. அதல்லே ஞான் பறஞ்சது? அவிடெ வீடு கட்டினால் பெண்ணுங்க வெள்ளத்துக்கு எவிடெ போகும்? பைப்பு இல்லா, கிணறு இல்லா."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். குடிக்கிற தண்ணீர்.

"மழை பெய்ஞ்சா ஆறு ஏறி வருமே, அதைக் கேட்கிறேன் ஐயா."

"ஓ, பாஞ்சிரோ? அது எல்லாக் கொல்லமும் உண்டு" என்றார், வருடா வருடம் வரும் திருவிழாவைச் சொல்வதுபோல. "ஒருக்கா என்டெ கழுத்து வரெ வந்து. பின்னே வெள்ளம்னு கேட்டால் ஞான் எந்து பறயும்? இவிடெ தமிழன்மார் எல்லாம் பாஞ்சிர்னுதானே சொல்லும்? வெள்ளம்னு ஒருத்தரும் கேட்டதில்லே."

சந்திரன் என்னைப் பார்க்கவில்லை. சாயா கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்கதான்கா அப்படிக் கேக்கச் சொன்னீங்க" என்றார் மெல்ல. சொன்னேன்தான். சொன்னதை ஒருமுறைகூடச் செய்யாத மனிதர் இதை மட்டும் ஏன் அட்சரம் பிசகாமல் செய்ய வேண்டும்? வண்டியில் ஏறும்வரை அவரைத் திட்டினேன், ஏறிய பிறகும் திட்டினேன். பாவம், ஓட்டிக்கொண்டே வந்தார்.

திரும்பும் வழியில் பள்ளக்காட்டில் இறங்கிப் பார்த்தோம். ஒவ்வொரு பால்மரத்திலும் என் தோளுக்குமேலே பழைய சேற்றுத் தடம் இருந்தது. எல்லா மரத்திலும் ஒரே மட்டம். அளந்து பதிந்துகொண்டோம். அன்றே உட்கார்ந்து அடுக்கைத் திருத்தினேன். வெள்ளைத் துண்டு நீலமாயிற்று. இவ்வளவு நாள் அலைச்சலில் ஒரு காரியமாவது ஒழுங்காக முடிந்ததே என்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அந்த வீடுகளில் குடியேறியவர்களைப் பிள்ளைகளோடு ஆறு அடித்துக்கொண்டு போயிருந்தால்?

வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குத் தோட்டத்தின் சார்பில் பாக்கியமும் இன்னும் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். பாக்கியம் நல்ல சேலை கட்டி, தலை நிறைய கனகாம்பரம் வைத்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் புதிய படத்தை மேசையில் விரித்தேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. படம் பார்க்கத் தெரியாதவர்களுக்கும் நீலம் புரியும்.

என்சிக் நியாயமான மனிதர். படத்தைப் பார்த்தார், மரத்தடங்களைப் பற்றி நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சந்திரனிடம், "அங்கே குடியிருக்கப் போகிறவர்கள் இவர்கள். இவர்களையும் கேளுங்கள்" என்றார்.

சந்திரன் பாக்கியத்திடம் கேட்டார். இந்த முறை பாஞ்சிர் என்றே கேட்டார்.

"பள்ளக்காட்டுலயா? இல்லண்ணே" என்றார் பாக்கியம். "நான் பொறந்ததே அந்தத் தோட்டத்துல. அங்க தண்ணி ஏறி நான் பாத்ததே இல்ல."

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். சந்திரன் என்னைப் பார்த்தார். பிறகு, அவர் சொன்னதை அப்படியே மலாயில் சொன்னார்.

என்சிக் என் பக்கம் திரும்பினார். "தண்ணீர் ஏறும் என்கிறது படம். அங்கே பிறந்தவர் இல்லை என்கிறார். எதை நம்புவது?"

தோள் உயரத்துச் சேற்றுத் தடத்தை என் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். "படத்தைத்தான்" என்றேன்.

அந்த இடத்தில் வீடு வேண்டாம் என்று முடிவாயிற்று. வேறு இடம்? பார்க்கலாம் என்றார்கள். தோட்டத்தில் வேறு மூலை கிடையாது, மேடான நிலமெல்லாம் வாங்கியவர் வேறு காரியத்துக்கு வைத்திருக்கிறார். லயம் காலி செய்யும் நாள் மட்டும் மாறவில்லை. அதெப்படி என்று நான் கத்தினேன். அது இந்தக் கூட்டத்தில் பேசும் விஷயம் இல்லை என்று என்சிக் சொன்னார். அவர் சொன்னது உண்மைதான், எனக்கோ மேசையைப் புரட்டிப் போடலாம் போல இருந்தது.

வாசலில் பாக்கியம் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

"ஏங்க பொய் சொன்னீங்க? மரத்துல எல்லாம் தடம் இருக்கே."

"தெரியும் டீச்சர். அந்த மரத்துல பால் வெட்டுனதே நான்தான்." அவர் குரலை உயர்த்தவில்லை. "கிராணிகிட்ட ஏன் அனுப்புனோம்னு நெனைக்கிறீங்க? எங்க வாயால ஏறும்னு சொல்ல முடியாது. இல்லன்னு உங்க மொகத்தப் பாத்துப் பொய் சொல்லவும் அன்னைக்கு மனசு வரல."

"உயிருக்கு ஆபத்து இல்லையா? பிள்ளைங்க இருக்காங்களே."

அவர் தெருவைப் பார்த்தார். பஸ் வரவில்லை.

"மெட்ராஸ்ல உங்களுக்குச் சொந்த வீடா டீச்சர்?"

"ஆமா. வேளச்சேரியில."

"மழ பேஞ்சா அங்க தண்ணி வருமா?"

"வரும்" என்றேன். "வருஷா வருஷம் கூடத்துக்குள்ளேயே வரும். முழங்கால் வரைக்கும் நிக்கும்."

"அப்ப என்ன செய்வீங்க?"

"சாமானெல்லாம் பரண்ல ஏத்தி வச்சிட்டு, அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். வடிஞ்சதும் வந்து கழுவிவிடுவோம்."

"நாங்களும் அதத்தான் டீச்சர் செஞ்சிருப்போம்" என்றார் பாக்கியம்.